ஹீட்டர் ராடும் ஒரு வெப்பமானியும்

எங்கள் வீட்டுக் குளியலறையில் மாட்டியிருந்த கீசர் பழுதாகிவிட்டது. புதியதைப் பொருத்த மூன்று வாரம் ஆகும் என்று தெரிந்ததும், பழந்துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டிருந்த ஹீட்டர் ராடை இறக்கித் துடைத்தேன். படிக்கிற காலத்திலும் வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளிலும் வாடகை அறைகளில் தனியாக இருந்தவனுக்கு அது பழகிய சாமான்தான். வாளியில் தொங்கவிட வேண்டும், சுவிட்சைப் போட வேண்டும், கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்க்க வேண்டும். அதைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். இந்த முறை சமையலறையில் ஒரு வெப்பமானி இருந்தது. காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அதைக் கொண்டு அளந்து பார்க்கத் தொடங்கினேன். பத்து ஆண்டுகளாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு பொருளைப் பற்றி எத்தனை தவறான எண்ணங்களை வைத்திருந்தேன் என்பது முதல் நாளே புரிந்துபோயிற்று.

முதலில் அதன் உடம்பைச் சொல்லிவிடுகிறேன். வெளியே தெரிவது ஓர் உலோகக் குழாய். செம்பில் நிக்கல் முலாம் பூசியதாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கும். அதைச் சுருளாகவோ கொண்டை ஊசி போலவோ வளைத்திருப்பார்கள். குழாயின் நட்டநடுவில் நிக்ரோம் கம்பிச்சுருள் ஓடுகிறது. நிக்கலும் குரோமியமும் சேர்ந்த இந்தக் கலவைக்கு ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906இல் காப்புரிமை பெற்றார். சிவக்கச் சிவக்கச் சுட்டாலும் மேற்பரப்பில் படியும் குரோமியம் ஆக்சைடு தோல் போல நின்று உள்ளிருக்கும் உலோகத்தைக் காப்பாற்றுவதால்தான், தோசைக்கல் அடுப்பிலிருந்து தலைமுடி உலர்த்தும் கருவி வரை அது எல்லாவற்றிலும் புகுந்துவிட்டது. கம்பிச்சுருளுக்கும் வெளிக்குழாய்க்கும் இடையில் மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். சூட்டைத் தாராளமாகக் கடத்தி, மின்சாரத்தை மட்டும் தடுத்து நிறுத்துகிற பொருள்கள் உலகத்தில் அதிகம் இல்லை. மலிவாகக் கிடைப்பவை அதனினும் குறைவு. ஆகவே தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் இடையில் நிற்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள இந்தத் தூள்தான். குழாயின் இரு முனைகளும் கைப்பிடிக்குள் போய், அங்கே ஈரம் ஏறாதபடி அடைக்கப்பட்டிருக்கும்.

இவ்வளவுதான் கருவி. சாதாரண ராடுகளில் சூட்டை அளந்து தானே அணைத்துக்கொள்ளும் பொறி எதுவும் கிடையாது. தண்ணீர் இருக்கிறதா, எவ்வளவு சுட்டிருக்கிறது, யாராவது கை வைத்திருக்கிறார்களா என்பது எதுவும் அதற்குத் தெரியாது. கீசர் தன்னுடைய வயிற்றுக்குள் வைத்திருக்கும் தெர்மோஸ்டாட், பாதுகாப்பு வால்வு, காப்புறை ஆகிய எல்லா வேலைகளையும் ராடைப் பயன்படுத்துகிறவரே செய்யவேண்டியிருக்கிறது. நான் எழுத வந்தது அந்த வேலைகளைப் பற்றித்தான்.

இன்னொரு வகையில் பார்த்தால் இது இயற்பியல் வரலாற்றில் இடம்பெற்ற ஒரு பழைய கருவி. 1840ஆம் ஆண்டையொட்டி ஜேம்ஸ் ஜூல் மெல்லிய கண்ணாடிக் குழாயில் கம்பியைச் சுற்றி, அதைத் தண்ணீர்ச் சாடிக்குள் இறக்கி, மின்சாரத்தைச் செலுத்தி, தண்ணீர் எவ்வளவு சுடுகிறது என்று வெப்பமானியால் அளந்தார். கம்பியின் மின்தடைக்கு ஏற்பவும், ஓடுகிற மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பவும் வெப்பம் பிறக்கிறது என்ற விதி அப்படித்தான் கிடைத்தது. அவர் சாடிக்குள் விட்டதை நான் வாளிக்குள் விட்டிருக்கிறேன் என்பதைத் தவிர அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை. அவர் கவனமாக இருந்தார் என்பது இன்னொரு வேறுபாடு.

முதல் நாள் அளவைச் சொல்கிறேன். இருபது லிட்டர் வாளி, 1500 வாட் ராடு, தண்ணீரின் தொடக்கச் சூடு 18 பாகை செல்சியஸ். வாளியின் விளிம்பில் ஒரு மரக்கட்டையைக் குறுக்காக வைத்து அதில் ராடை மாட்டியிருந்ததால், சுருளின் அடிப்பகுதி வாளியின் பாதி ஆழத்தோடு நின்றுவிட்டது. பதினைந்து நிமிடம் கழித்து அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்துவிட்டு வெப்பமானியை இறக்கினேன். மேற்பரப்பில் 48 பாகை. முழங்கை வரை கையை விட்டு அடியில் வைத்துப் பார்த்தால் 20 பாகை. ஒரே வாளியில், ஒரு சாண் இடைவெளியில், வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காமல் அடுக்கி வைத்தாற்போல் இருந்தன. குவளையால் நன்றாகக் கலக்கிய பிறகு 34 பாகையில் வந்து நின்றது.

காரணம் ஒன்றும் புதிரானது இல்லை. சுட்ட தண்ணீர் விரிந்து எடை குறைந்து மேலே ஏறுகிறது; குளிர்ந்த தண்ணீர் அடியில் தங்குகிறது. அடுப்பில் வைத்த பாத்திரத்துக்கு அடியில் நெருப்பு இருப்பதால் தண்ணீர் முழுவதும் சுழன்று சுழன்று சுடுகிறது. ராடோ தனக்கு மேலே இருக்கும் தண்ணீரை மட்டுமே சுழலவைக்கும். தனக்குக் கீழே இருப்பதை ஏறக்குறைய தொடுவதே இல்லை, ஏனென்றால் நீர் தானாகச் சூட்டைக் கடத்துவதில் படுமந்தம். இதனால் இரண்டு ஏமாற்றங்கள் நிகழ்கின்றன. மேலே விரலை வைத்துப் பார்த்துச் சுட்டுவிட்டது என்று அணைத்துவிட்டு, கலக்கியபின் வெதுவெதுப்பைப் பார்த்து ராடு சரியில்லை என்று திட்டுகிறோம். அல்லது கலக்காமலே முதல் குவளையை மேலாக மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு துள்ளுகிறோம். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். மறுநாள் மரக்கட்டையை எடுத்துவிட்டு, சுருள் வாளியின் அடியைத் தொடாமல் இரண்டு விரற்கடை மேலே நிற்கும்படியும், அதே நேரத்தில் தண்ணீர் கைப்பிடியை எட்டாதபடியும் உயரத்தைச் சரிசெய்தேன். மேலுக்கும் கீழுக்கும் இடையிலிருந்த வேறுபாடு நான்கைந்து பாகைக்குள் அடங்கிவிட்டது.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணக்காகவே போட்டுவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு பாகை சூடேற்ற ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோவாட் ராடு நொடிக்கு ஒரு கிலோஜூல் தருகிறது. ஆகவே லிட்டரையும் ஏற்றவேண்டிய பாகையையும் 4.2ஐயும் பெருக்கி, ராடின் கிலோவாட்டால் வகுத்தால் நொடிக்கணக்கு வந்துவிடும். இருபது லிட்டரை 20 பாகையிலிருந்து 45 பாகைக்கு ஏற்ற 2100 கிலோஜூல். 1500 வாட் ராடுக்கு 1400 நொடி, அதாவது 23 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். மின்கட்டணக் கணக்கில் பார்த்தால் 0.6 யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. வாளியின் பக்கங்கள் வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் போகிற சூட்டுக்காக இரண்டு நிமிடம் சேர்த்துக்கொண்டால் நான் அளந்த எண்களோடு நன்றாகவே பொருந்தியது. தொடங்கும்போது ஒரு முறை வெப்பமானியைப் பார்த்து, கணக்குப் போட்டு, கைபேசியில் அலாரம் வைத்துவிடுகிறேன். பிறகு பத்து முறை எட்டிப் பார்க்கவேண்டிய தேவை இல்லை.

கணக்கு ஒருநாள் பொய்த்தது. இருபத்தைந்து நிமிடத்துக்குப் பிறகும் தண்ணீர் 40 பாகையைக்கூடத் தொடவில்லை. அன்று மின்னழுத்தம் குறைந்து விளக்குகள் மங்கலாக எரிந்துகொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். ஜூலின் விதி இங்கேதான் எட்டிப் பார்க்கிறது: ராடின் மின்தடை மாறுவதில்லை, ஆதலால் மின்னழுத்தம் குறைந்தால் வெப்பம் அதன் இருமடி விகிதத்தில் குறையும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 200 வந்தால் 1500 வாட் ராடு 1130 வாட் சொச்சத்தில்தான் வேலை செய்யும்; 23 நிமிட வேலை அரைமணி நேரமாகிவிடும்.

இந்த இடத்தில் பலர் சொல்லிக் கேட்ட ஒரு யோசனையையும் தீர்த்துவிடுகிறேன். முழு வாளியைச் சூடேற்றுவதைவிட, அரை வாளியை நன்றாகக் கொதிக்கவைத்துப் பச்சைத்தண்ணீர் கலந்துகொண்டால் மின்சாரம் மிச்சம் என்பார்கள். கலந்து முடித்தபின் கிடைக்கிற தண்ணீரும் அதன் சூடும் ஒன்றேயானால், உள்ளே போன வெப்பமும் ஒன்றேதான். உண்மையில் மிகையாகச் சுட்ட தண்ணீர் ஆவியாகவும் காற்றிலும் அதிகமாக இழப்பதால் சிறிது நட்டம்தான். தேவையான அளவை, தேவையான சூட்டுக்கு, தேவைப்படுகிற நேரத்துக்குச் சற்று முன் சூடேற்றுவதில்தான் ராடுக்கு வலிமை இருக்கிறது. பெரிய தொட்டியில் வெந்நீரைத் தேக்கி வைக்கும் கருவிகள் யாரும் குளிக்காத நேரத்திலும் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். ராடுக்கு அந்த இழப்பு இல்லை. இருந்தாலும் மின்சாரத்தை நேராக வெப்பமாக மாற்றுகிற எந்தக் கருவியும், வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இறைத்து எடுக்கும் ஹீட் பம்ப்போடு செலவில் போட்டி போட முடியாது.

காத்திருக்கும் நேரத்தில் வாளிக்குள் பார்ப்பது எனக்குப் பிடித்துப்போயிற்று. சுவிட்சைப் போட்ட சில நொடிகளிலேயே குழாயைச் சுற்றி எண்ணெய் கரைவது போன்ற நெளிநெளியான கோடுகள் மேலெழும். சூடான நீரும் குளிர்ந்த நீரும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் தெரியும் நிழல்கள் அவை. சிறிது நேரத்தில் குழாய் முழுவதும் கடுகைவிடச் சிறிய குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும். அது நீராவி அல்ல, தண்ணீரில் கரைந்திருந்த காற்று. சூடு ஏற ஏறத் தண்ணீரால் அவ்வளவு காற்றைக் கரைத்து வைத்திருக்க முடிவதில்லை. அதன் பிறகுதான் ‘உஸ்’ என்ற சத்தம். தண்ணீர் கொதிக்கப்போகிறது என்று இந்தச் சத்தத்தை வைத்து முடிவுசெய்வது தவறு. குழாயின் தோலை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் மட்டும் கொதித்துக் குமிழாகி, சற்றுத் தள்ளியிருக்கும் குளிர்ந்த நீரில் பட்டதும் நொறுங்கிப் போகிற ஓசை அது. வாளி வெதுவெதுப்பைத் தாண்டாதபோதே அது தொடங்கிவிடும். மாறாக, முழு வாளியும் உண்மையாகவே கொதிநிலைக்கு வரும்போது குமிழ்கள் நொறுங்காமல் மேலே வந்து உடைவதால் சத்தம் தணிந்து தளதளப்பாக மாறும். தணிந்த சத்தத்துக்குத்தான் பதற வேண்டும்.

அந்தத் தளதளப்பை நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். வாடகை அறைக் காலம். விடியற்காலையில் ராடைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் படுக்கலாம் என்று சாய்ந்தவன் இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் எழுந்தேன். குளியலறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் ஆவி அறைந்தது. சுவரெல்லாம் வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. வாளித் தண்ணீர் இரண்டு விரற்கடைக்குக் கொஞ்சம் குறையாமல் இறங்கியிருந்தது. பிளாஸ்டிக் வாளி இளகி, வயிறு உப்பியதுபோல் ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது. பிளக்கைப் பிடுங்கியபின் எனக்கு வந்த முதல் எண்ணம் வாளியைத் தூக்கிக் கொட்டிவிடலாம் என்பதுதான். கைப்பிடியைத் தொட்டதும் அது களிமண்போல் வளைந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். தூக்கியிருந்தால் இருபது லிட்டர் கொதிநீர் காலில் கொட்டியிருக்கும். இப்போது கணக்குப் பார்த்தால், 1500 வாட் ராடு 20 பாகையிலிருக்கும் இருபது லிட்டரைக் கொதிக்கவைக்க இழப்புகளை விட்டுவிட்டாலே ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும்; அதற்குப் பிறகு மணிக்கு ஏறத்தாழ 2.4 லிட்டர் வீதம் ஆவியாக்கும். இன்னும் சில மணி நேரம் தூங்கியிருந்தால் தண்ணீர் ராடின் குறைந்தபட்ச மட்டக்கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும், அதற்கு மேல் என்ன நடக்கும் என்பதை நான் ஏற்கெனவே வேறொரு நாளில் பார்த்திருந்தேன்.

அது கூச்சத்தோடு சொல்லவேண்டிய கதை. சுவிட்சை அணைக்க மறந்து ராடை வாளியிலிருந்து தூக்கிவிட்டேன். தண்ணீருக்குள் இருக்கும்வரை குழாயின் சூடு நீரின் கொதிநிலையைத் தாண்டி அதிகம் ஏறாது, ஏனென்றால் பிறக்கிற வெப்பத்தையெல்லாம் நீர் உடனுக்குடன் வாங்கிக்கொள்கிறது. காற்றுக்கு அந்தக் கொள்ளளவு கிடையாது. ஒட்டியிருந்த துளிகள் சடசடவென்று வெடித்து மறைந்தன. பளபளவென்றிருந்த முலாம் வைக்கோல் நிறமாகி, ஊதாவாகி, மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்குவதற்குச் சில நொடிகள்தான் ஆயின. பதற்றத்தில் திரும்பத் தண்ணீருக்குள் போட்டுவிடலாம் என்று தோன்றியது. நல்லவேளையாக அறைத் தோழன் ஓடிவந்து சுவிட்சை அணைத்தான். சிவந்த குழாயைத் தண்ணீரில் அமிழ்த்தினால் கொதிநீர் தெறிப்பதோடு, திடீர்ச் சுருக்கத்தில் குழாயில் விரிசல் விட்டு உள்ளே ஈரம் புகுந்துவிடலாம். அந்த ராடு அதற்குப் பிறகும் வேலை செய்தது என்பதுதான் இதில் மோசமான பகுதி. சுட்டது என்பதால் நானும் அதைத் தொடர்ந்து பயன்படுத்தினேன்.

அடுத்த மாதமே ஷாக் அடித்தது. சூடு பார்க்க விரலை விட்டேன். எறும்புக் கூட்டம் ஏறுவதுபோல் முழங்கை வரை ஒரு சுரீர். அப்போது நான் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, பாதி உலர்ந்த தரையில் நின்றிருந்தேன் என்பதைத் தவிர நான் இன்று இதை எழுதிக்கொண்டிருப்பதற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. ஓர் ஆம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லி ஆம்பியர், உடம்பில் ஓடினால் கூச்சம் தெரியும். பத்து மில்லி ஆம்பியரையொட்டித் தசைகள் இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகலாம். முப்பதைத் தாண்டி நெஞ்சு வழியாக ஓடினால் இதயத்தின் தாளம் கலைந்துவிடக்கூடும். 1500 வாட் ராடு சாதாரணமாக எடுத்துக்கொள்வதே ஆறரை ஆம்பியர், அதாவது 6500 மில்லி ஆம்பியர். அதில் முப்பதோ நாற்பதோ ஒழுகிப் போவதைச் சாதாரண ஃபியூசோ, மின்னோட்டம் மிகுந்தால் தானே அணைந்துகொள்ளும் சுவிட்சான எம்.சி.பி.யோ கண்டுகொள்ளாது. அவை ஒயர் எரியாமல் காப்பதற்காக வைக்கப்பட்டவை. போகிற மின்னோட்டமும் திரும்பிவருகிற மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்தாலே நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடுகிற ஆர்.சி.சி.பி.தான் மனிதரைக் காப்பாற்றுவது.

மின்பணியாளர் ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் ராடைப் பார்ப்பதற்கு முன்பு சுவர்ச் சாக்கெட்டைக் கழற்றினார். கழற்றிவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. “சார், பிளக்குல மூணு முள் இருக்கு. சுவத்துக்குள்ள ரெண்டு ஒயர்தான் வருது,” என்றார். எர்த் துளைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ராடின் உலோகக் குழாய் எர்த்தோடு இணைக்கப்பட்டிருப்பதன் பயனே, உள்ளே கசிவு வந்தால் அது தண்ணீர் வழியாக ஆளைத் தேடிப் போகாமல் அந்த வழியாகத் தரைக்குப் போய்விட வேண்டும் என்பதுதான். பல நாட்டுப் பிளக்குகளில் எர்த் முள் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதும், செருகும்போது அது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதற்காகவே. நான் இரண்டு ஆண்டுகளாக அந்த முள்ளைச் சுவரில் இருந்த வெறும் ஓட்டையில் செருகி வந்திருக்கிறேன்.

அவர் சொன்ன இன்னொன்றும் மறக்கவில்லை. சுவிட்ச் அணைந்திருப்பதால் தண்ணீர் பாதுகாப்பானது என்று நம்பிவிடக்கூடாது. ஒற்றைக் கம்பியை மட்டும் துண்டிக்கிற சுவிட்சைத் தவறுதலாக நியூட்ரல், அதாவது மின்னோட்டம் திரும்பிப் போகிற கம்பியின் பக்கத்தில் இணைத்திருந்தால், சுவிட்சை அணைத்தபின் ராடு சுடாது. ஆனால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் முழுவதும் பேஸ், அதாவது மின்சாரம் வருகிற கம்பியின் மின்னழுத்தத்திலேயே இருக்கும். முன்னும் பின்னும் திருப்பிச் செருகக்கூடிய இரண்டு முள் பிளக்குகளில் இது பாதிக்குப் பாதி வாய்ப்பு. அன்றிலிருந்து என் வரிசை மாறவில்லை: தண்ணீரை நிரப்பி, ராடை மாட்டி, மட்டம் கோட்டுக்கு மேலே இருப்பதைப் பார்த்து, உலர்ந்த கையால் பிளக்கைச் செருகி, கடைசியாகச் சுவிட்ச். முடிந்ததும் சுவிட்ச், பிளக், அரை நிமிடம் பொறுத்து ராடு, அதற்குப் பிறகுதான் கை. அந்த அரை நிமிடம் ராடு உள்ளிருக்கும் சூட்டைத் தண்ணீருக்கே கொடுத்து ஆறுவதற்காக. பிளாஸ்டிக் வாளியாக இருந்தால் மின்சாரம் தாக்காது என்று சிலர் நம்புகிறார்கள். வாளி கடத்தாவிட்டாலும் தண்ணீர் கடத்தும், விரல் கடத்தும், ஈரத்தரையும் கடத்தும். வேறு வழியில்லாமல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுகிறவர்கள் அதன் ஒயர் எத்தனை ஆம்பியருக்கு உரியது என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். விளக்குக்கும் கைபேசிக்கும் செய்த மெல்லிய ஒயர் ஆறரை ஆம்பியரை அரைமணி நேரம் தாங்கும்போது தானும் ஒரு ஹீட்டராகிவிடுகிறது.

சூட்டைக் கையால் அளப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தோல் வெப்பமானி அல்ல. தன்னுடைய சூட்டோடு ஒப்பிட்டுத்தான் அது தீர்ப்புச் சொல்கிறது. குளிர்ந்து விறைத்த விரலுக்கு 36 பாகைகூடச் சுடும். குளிப்பதற்கு 40 பாகையையொட்டிய சூடே போதும் என்று அளந்தபின் கண்டேன். அதற்கு முன்பு 50 இருக்கும் என்றே நினைத்திருந்தேன். 60 பாகைத் தண்ணீர் வளர்ந்தவர்களின் தோலை ஏறத்தாழ ஐந்து நொடிகளில் ஆழமாகப் பொசுக்கிவிடும். 49 பாகையில் அதே காயத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும். குழந்தைகளின் மெல்லிய தோலுக்கு இதைவிடக் குறைந்த நேரம் போதும். பதினொரு பாகைக்குள் நிமிடம் நொடியாகச் சுருங்கிவிடுகிறது என்பதை அறிந்த பிறகு, குழந்தைகள் நடமாடுகிற வீட்டில் ராடு மாட்டிய வாளியைக் கதவைத் திறந்துவைத்து விட்டுவிட்டுப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை.

மூன்று வாரத்தில் ராடின் மேல் வெள்ளையாக உப்புக் கட்டிவிட்டது. எங்கள் தண்ணீர் கடினநீர். அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடுபட்டதும் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி, சூடு மிகுந்த இடத்தில், அதாவது குழாயின் மேலேயே படிகிறது. அந்தப் படிவு சூட்டை எளிதில் கடத்தாததால் குழாய் உள்ளுக்குள் தேவைக்கு மேல் சுட்டு, ஆயுள் குறைகிறது. கத்தியால் சுரண்டினால் முலாமும் சேர்ந்து பெயரும். பிளக்கைத் தொலைவில் வைத்துவிட்டு, கைப்பிடி நனையாமல், வினிகர் கலந்த தண்ணீரில் சுருளை மட்டும் ஒரு மணி நேரம் தொங்கவிட்டேன். சோடாவைத் திறந்தாற்போல் நுரைத்துக்கொண்டு படிவு உதிர்ந்தது. பழந்துணியால் துடைத்ததோடு வேலை முடிந்தது. சிட்ரிக் அமிலத் தூளும் இதையே செய்யும்.

பயணத்துக்கென்று விற்கிற சின்ன ராடுகளும் உண்டு. ஒரு கோப்பைக்குள் அடங்கிவிடும். 300 வாட்தான் என்றாலும் 200 மில்லிலிட்டரை மூன்று நிமிடத்தில் 90 பாகைக்குக் கொண்டுவந்துவிடும். 230 வோல்ட்டுக்கு உரிய அப்படி ஒன்றை 120 வோல்ட் உள்ள ஊருக்கு எடுத்துச் சென்றபோது, பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மின்னழுத்தம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டதால் வெப்பம் கால்பங்கு சொச்சம்தான். இதைத் தலைகீழாகச் செய்பவர்களுக்குப் பொறுமை தேவைப்படாது. 120 வோல்ட் ராடு 230இல் ஏறத்தாழ மூன்றரை மடங்குக்கு மேல் சுட்டு, அதோடு எரிந்துபோய்விடும். இரு மின்னழுத்தங்களுக்கும் மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் உள்ளவையும் கிடைக்கின்றன; அந்தச் சுவிட்சைப் பார்க்காமல் செருகுகிறவர்களுக்கு அதனால் பயன் இல்லை. இந்தக் கருவிகளுக்கென்றே, பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.ஈ.சி.யின் 60335 வரிசையில் 2-74 என்று தனிப் பாதுகாப்புத் தரம் இருக்கிறது. வாங்கும்போது தரக்குறி, வாட், வோல்ட், மட்டக்கோடு ஆகிய நான்கும் கைப்பிடியிலோ உறையிலோ தெளிவாக அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

புதிய கீசர் வந்துவிட்டது. ராடைத் திரும்பப் பரணில் போடுவதற்குமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குழாய் கைப்பிடிக்குள் நுழைகிற இடத்தில், அடைப்பின் மேல், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். இது எப்போது வந்ததென்று தெரியவில்லை. இந்த வீட்டில் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் ஒழுங்காக இருக்கின்றன, ஆர்.சி.சி.பி. ஒருமுறைகூட மின்சாரத்தைத் துண்டிக்கவில்லை. ஆனாலும் மெக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் ஏறிய தூள் மின்சாரத்தைத் தடுக்காது. அறுப்பு வாளை எடுத்து, கைப்பிடிக்கு ஒரு விரற்கடை கீழே குழாயை அறுத்தேன். சுண்ணாம்புக்கட்டிபோல் இறுகிய தூள் உள்ளே இருந்தது. நடுவில் ஒரு புள்ளியாகக் கம்பி. சுருளின் பக்கம் கிடைத்த தூள் வெள்ளைவெளேரென்று உலர்ந்திருந்தது. விரிசல் இருந்த முனையில் மட்டும் சாம்பல் நிறமாகி, நகத்தால் கீறினால் ஒட்டிக்கொண்டது. யாராவது எடுத்து ஒட்டவைத்துப் பயன்படுத்திவிடக் கூடாதே என்று பிளக்கையும் ஒயரோடு வெட்டித் தனியாக எடுத்துவிட்டு, மீதியைப் பழைய இரும்புச் சாமான்களோடு போட்டுவிட்டேன்.